வளையல் வைத்து வட்டம் பார்த்தவர்

2017 ஆகஸ்ட் 9, புதன்கிழமை. காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்தேன். அரை லிட்டர் பால். பாளையங்கால்வாயில் தண்ணீர் முழங்காலுக்குக் கீழே. குளித்துத் திரும்பும்போது ஆறு முப்பத்தைந்து. நான்கு இட்லி. ஒன்பது பத்துக்குக் கடை. திருத்தப் பார்த்தவை கல்யாணப் பத்திரிகை இரண்டு, காதுகுத்து பேனர் ஒன்று. பிழைகள் ஏழு.

இவ்வளவும் என் நாட்குறிப்பில் அன்றைய பக்கத்தின் மேல் பாதியில், சீரான கையெழுத்தில் இருக்கிறது. கீழ்ப் பாதியில் கையெழுத்து வேறு. பேனாவை அழுத்திய அழுத்தலில் அடுத்த இரண்டு தாள்களிலும் தடம் விழுந்திருக்கிறது. கோபத்தில் எழுதியது. அந்தக் கீழ்ப் பாதி முழுவதும் ஒரு பெண்ணைப் பற்றியது.

அவர் பெயர் எனக்குத் தெரியும். எழுதப் போவதில்லை. மேலப்பாளையத்துக்காரர், மடிக்கணினி பழுது பார்ப்பவர். வண்ணார்பேட்டையில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே மாடியில் ஒற்றை அறை. இப்போது அங்கே கைபேசி உறை விற்கிறார்கள். அன்று அவருக்கு நாற்பது இருக்கலாம், எனக்கு நாற்பத்தொன்பது. கறுப்பு புர்காவும், பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் ஜாமெட்ரி பெட்டியும். பெட்டிக்குள் காம்பஸ் இருக்க வேண்டிய இடத்தில் திருப்புளிகள். வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. கடைக்கு வருகிறவர்கள் படியேறி மூச்சு வாங்கிக்கொண்டே கேட்பது, "மெக்கானிக் இல்லையா?" என்று. எதிரே உட்கார்ந்திருப்பவர் கையில் திருப்புளி இருக்கும். கண்ணுக்கு முன்னால் பிரித்துப் போட்ட கணினி இருக்கும். ஆனாலும் கேட்பார்கள். இதை எழுதும்போதும் எனக்கு எரிச்சல் வருகிறது. அவருக்கு வராது. அவருக்கு வேறு ஒரு கேள்விதான் பொறுக்காது. அதை அட்டையில் எழுதி ஆணியில் மாட்டியிருந்தார்: 'படம் வருதுல்லா என்று இங்கே கேட்காதீர்கள்.'

நான் அங்கே போய்வரக் காரணம் என் வேலை. பாளையங்கோட்டையில் ஒரு பேனர், போஸ்டர் கடையில் பிழை திருத்துகிறவனாக இருந்தேன். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி. இருபத்திரண்டு வருடத்தில் என் கையைத் தாண்டி ஒரு பெயர்கூடத் தப்பாக அச்சானதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் இது தேவைப்படும். கடைக் கணினிகளில் எது நின்றாலும் அவரிடம் தூக்கிக்கொண்டு போவது நான்தான்.

ஒரு நாள் அப்படிப் போனபோது கல்லூரி ஆசிரியர் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அவருடைய மடிக்கணினியின் திரை உடைந்து, புதுத் திரை போட்டாயிற்று. அவருக்கு அவசரம்.

"படம் வருதுல்லா, குடுங்கம்மா. நான் கிளம்பணும்."

"அட்டைய வாசிச்சியளா சார்?"

ஆசிரியர் அட்டையைப் பார்த்தார். "எனக்கு எல்லாம் தெரியுதே," என்றார்.

"தெரியுதுங்கது வேற. சரியாத் தெரியுதுங்கது வேற."

படம் வரையும் பக்கத்தைத் திறந்து, ஒரு விசையை அழுத்திக்கொண்டு ஒரு வட்டம் போட்டார். பிறகு இடது கையிலிருந்து ஒரு ரப்பர் வளையலைக் கழற்றி, கணினியை மல்லாக்க விரித்து, திரை மேல் வட்டத்தோடு பொருத்தி வைத்தார். மேலும் கீழும் வட்டம் வளையலோடு சேர்ந்து போயிற்று. இரண்டு பக்கமும் வெளியே பிதுங்கி நின்றது.

"இது வட்டமா சார்? படுக்கப் போட்ட முட்டை."

"சின்ன வித்தியாசந்தானம்மா. யாரு பாக்கப் போறா?"

"நான் பாத்துட்டேம்லா."

பிறகு அவர் சொன்ன விளக்கத்தை அன்று மாலை நாட்குறிப்பில் அவர் வார்த்தையிலேயே எழுதி வைத்தேன். "இந்தத் திரையில கட்டம் கட்டமா ஆணி அடிச்சாப்ல இருக்கு. அகலத்துல ஆயிரத்து முந்நூத்தி அறுபத்தாறு, ஒசரத்துல எழுநூத்தி அறுபத்தெட்டு. கூட்டவும் முடியாது, கொறைக்கவும் முடியாது. பழைய டப்பா மானிட்டருன்னா உள்ள ஒரு கதிரு ஓடி ஓடி வரையும், எத்தன வரின்னு சொன்னாலும் கேக்கும். இது கேக்காது. உள்ள கன்ட்ரோலருன்னு ஒரு சில்லு இருக்குல்லா, அது படத்த வரி வரியா வாசிச்சு, நொடிக்கு அறுபது தடவ திரைக்கு அனுப்பிக்கிட்டே கெடக்கும். அனுப்புததுக்கு மின்னால, நீ எத்தன கட்டம்னு திரையக் கேக்கும். திரைக்குள்ள பொடியா ஒரு நினைவுச் சில்லுல அது எழுதியிருக்கும். பதில் வந்தா அந்த அளவுக்குப் படம் போடும். பதில் வரலன்னு வைங்க, பயந்துபோயி எல்லாத் திரையும் ஒத்துக்கிடுத பழைய அளவு ஒண்ணப் போடும். ஆயிரத்து இருவத்து நாலுக்கு எழுநூத்தி அறுபத்தெட்டு. ஒசரம் சரியா இருக்கும். அகலம் பத்தாது. பத்தாதத இழுத்து நெரப்பும். நாலு பேரு இருக்க வேண்டிய பெஞ்சுல மூணு பேரு பரப்பிக்கிட்டு இருக்காப்ல. பெஞ்சு நெறஞ்சிருக்கும். ஆனா ஒருத்தனும் அவன் அளவுல இருக்க மாட்டான்."

உள்ளே கேபிளில் ஒரு கம்பி சரியாக உட்காரவில்லை என்று கண்டுபிடிக்க அவருக்கு ஐம்பது நிமிடம் ஆயிற்று. ஆசிரியர் ஐம்பது நிமிடமும் கடிகாரத்தைப் பார்த்தார். போகும்போது திரையைப் பார்க்கவில்லை. அவர் என்ன பாடம் நடத்துகிறவர் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை.

மெக்கானிக்கிடம் இன்னொரு பழக்கம். கணினியை முடுக்கியதும் யாரும் பேசக் கூடாது. முதலில் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வரும். வரிக்கு எண்பது எழுத்து, இருபத்தைந்து வரி, அந்தக் காலத்திலிருந்து மாறாத அளவு. அதிலிருந்து படத்துக்குத் தாவும்போது நடுவில் ஒரு கண்ணிமைப்பு திரை அணையும். அந்த இடைவெளியில் அவர் வாயில் கிராம்பைக் கடிப்பதை நிறுத்திவிடுவார். ஒரு முறை நான் அந்த நேரம் பார்த்து விலை கேட்டுவிட்டேன். "அது மாறிக்கிட்டு இருக்கு அண்ணாச்சி. பேசாதிய," என்றார். திரையை விரலால் தொட்டுக் காட்டுகிறவர்களின் விரலைத் திருப்புளியின் பிடியால் தட்டுவார். வலிக்காது. ஆனால் மானம் போகும்.

எனக்கு அவர் மேல் முதலில் கோபம் வந்தது ஒரு கல்யாண மண்டபத்தில். முதலாளியின் உறவுக்காரர் வீட்டு வரவேற்பு. மேடை ஓரம் பெரிய திரையில் மாப்பிள்ளை பெண் படங்கள் மாறி மாறி ஓடிக்கொண்டிருந்தன. அவரும் விருந்தினராக வந்து எனக்கு எதிர் வரிசையில் இலை முன்னால் உட்கார்ந்திருந்தார். பந்தியிலிருந்து அந்தத் திரை தெரிந்தது. சாம்பார் ஊற்றும்போது நிமிர்ந்தார். ரசம் வரும் முன் எழுந்து கை கழுவிக்கொண்டு போய், புரொஜெக்டர் பக்கத்தில் இருந்த மடிக்கணினியில் எதையோ அழுத்தினார். கணினித் திரை அணைந்தது. பெரிய திரையும் அணைந்தது.

மாப்பிள்ளையின் தாய்மாமன் ஓடி வந்தார். "யாரும்மா நீ? ஒன்ன யாரு இதத் தொடச் சொன்னா?"

"மேடையில இருக்க பொண்ணப் பாருங்க அண்ணாச்சி. இங்கன ஓடுத பொண்ணையும் பாருங்க. ரெண்டும் ஒரே பொண்ணா?"

"படம் ஓடுச்சுல்லா. நல்லா ஓடிக்கிட்டு இருந்தத..."

"லேப்டாப்பு பழைய சதுரத் திரை. புரொஜெக்டரு அகலம். ரெண்டுலயும் ஒரே படம் தெரியணும்னு வச்சதுல, சின்னவன் அளவுக்குப் பெரியவன் எறங்கி, பெறகு இழுத்து நெரப்பியிருக்கான். பைய நில்லுங்க, இப்ப வந்துரும்."

நான்கைந்து நொடி. முந்நூறு பேர் சாப்பிட்ட கையோடு திரும்பிப் பார்த்தார்கள். பிறகு பெண் தன்னுடைய முகத்தோடு திரையில் வந்தாள். மேடையில் இருந்த பெண் அதைப் பார்த்தாள். அவள் ஒருத்தி மட்டும் சிரித்தாள். தாய்மாமன் "இதுக்குத்தானா இந்தப் பாடு?" என்றார். மெக்கானிக் பந்திக்குத் திரும்பி வந்தபோது அவர் இலையை எடுத்துவிட்டிருந்தார்கள்.

அன்று நான் அவரைத் திமிர் பிடித்தவர் என்று எழுதினேன். இன்று அந்தப் பக்கத்தைப் படித்தால் தாய்மாமன் மேல் கோபம் வருகிறது, இலையை எடுத்தவன் மேல் வருகிறது, வாயைத் திறக்காமல் பாயசத்துக்குக் காத்திருந்த முந்நூறு பேர் மேலும் வருகிறது. முந்நூறில் நானும் ஒருவன்.

இனி ஆகஸ்ட் மாதத்துக்கு வருகிறேன்.

எங்கள் கடையில் படம் வடிவமைக்கிறவள் முத்துலட்சுமி. முக்கூடலிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். கணவன் விட்டுப் போனவள், ஒரு மகன் பள்ளியில் படிக்கிறான், ஆறு வருடமாக அந்த நாற்காலியில் இருக்கிறாள். ஆகஸ்ட் 2 மாலை அவளுக்குப் புது மடிக்கணினி வந்தது. மதியம் அவள் தூக்குவாளியைத் திறந்து பின்பக்கம் உட்காரும்போது, அவள் நாற்காலியில் நான் உட்கார்ந்து எழுத்துத் திருத்துவது வழக்கம். ஆகஸ்ட் 3, வியாழக்கிழமைப் பக்கத்தில் என் கையெழுத்தில் ஒரு வரி இருக்கிறது: 'பகல் 1.20. புதுக் கணினியில் எழுத்து சிறிது. அளவை 1024 × 768 என மாற்றினேன். வசதி.'

வசதியாகத்தான் இருந்தது. எழுத்தின் உயரம் கூடவில்லை, அகலம் மட்டும்தான் கூடியிருக்கிறது என்பதை நான் கவனிக்கவில்லை. எழுத்தின் ஓரம் கொஞ்சம் மங்கலாக இருந்தது. அதற்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். திரும்ப மாற்றி வைக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

முத்துலட்சுமி மறுநாள் சொன்னாள். "புது லேப்டாப்புல எல்லா மூஞ்சியும் உப்புனாப்ல இருக்கு அண்ணாச்சி."

"போட்டோ எடுத்தவன் அப்படி எடுத்திருப்பான்," என்றேன்.

அவளும் நம்பினாள். இருபத்திரண்டு வருடம் தப்பே விடாதவன் சொன்னால் நம்பத்தானே செய்வாள். அவளுக்குக் கண்ணளவு உண்டு. முகம் உப்பியிருந்தால், ஓரத்தைப் பிடித்து உள்ளே தள்ளி, சரியாகத் தெரியும்வரை ஒடுக்குவாள். திரையில் சரியாகத்தான் தெரிந்தது. அச்சில் ஒவ்வொரு முகமும் அகலத்தில் நாலில் ஒரு பங்கு குறைந்து போயிற்று. முதலில் போனது ஒரு கல்யாண பேனர். பெண்ணின் அம்மா திசையன்விளையிலிருந்து போன் செய்து, "எம் மவள ரொம்ப அழகாப் போட்டிருக்கிய, ஒல்லியா ராசாத்தி கணக்கா இருக்கா," என்றார். முதலாளி அன்று எல்லாருக்கும் வடை வாங்கிக் கொடுத்தார். மனதுக்குப் பிடித்த மாதிரி இருந்தால் தப்பை யாரும் தப்பென்று சொல்வதில்லை.

அடுத்து ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர். முக்கூடலில் பலசரக்கு மொத்த வியாபாரம் செய்த பெரியவர். போஸ்டரை நான் திருத்தினேன். பெயர்கள் முப்பத்தொன்று, எல்லாம் சரி. முகம் என் வேலை இல்லை.

ஆகஸ்ட் 9 காலை பத்து நாற்பதுக்கு அந்தப் பெரியவரின் இரண்டு மகன்களும் கடைக்குள் வந்தார்கள். மூத்தவர் கையில் சுவரிலிருந்து கிழித்த போஸ்டர், பின்பக்கம் பசையோடு. மேஜை மேல் விரித்தார்.

"எங்கப்பாவ நீங்க பாத்திருக்கியளா?"

முதலாளி விழித்தார்.

"நூத்திப் பத்து கிலோ வே. கடையில அவரு எந்திரிச்சா நாற்காலியும் சேந்து எந்திரிக்கும். இதப் பாரும். இது யாரு?"

போஸ்டரில் கன்னம் ஒட்டி, தாடை நீண்டு, நோயாளி போல ஒருவர் இருந்தார்.

இளையவர் சொன்னார்: "ஊரு பூரா ஒட்டியாச்சு. பாக்குதவன்லாம் என்ன சொல்லுதான் தெரியுமா? மவனுவ ரெண்டு பேரும் சோறு போடாம கொன்னுட்டானுவன்னு சொல்லுதான். டீக்கடையில எங் காது கேக்கச் சொல்லுதான்."

மூத்தவர் போஸ்டர் மேல் கையை வைத்தார். "கடைசி வரைக்கும் நான்தான் வே ஊட்டுனேன்."

வேறு போஸ்டர் அன்றே அடித்து, ஊரில் ஒட்டியதையெல்லாம் ஆள் விட்டுக் கிழிப்பதாக முதலாளி கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லி அனுப்பினார். அவர்கள் போனதும் முத்துலட்சுமியிடம் திரும்பினார்.

"ஏளா, என்ன செஞ்சு வச்சிருக்க?"

"மொதலாளி, நான் பாக்கும்போது சரியாத்தான் இருந்துச்சு. இப்பவும் பாருங்க." கோப்பைத் திறந்து காட்டினாள். திரையில் பெரியவர் குண்டாக, வட்ட முகத்தோடு, நூற்றுப் பத்து கிலோவும் குறையாமல் இருந்தார்.

முதலாளி திரையையும் போஸ்டரையும் மாறி மாறிப் பார்த்தார். அச்சு இயந்திரத்துக்காரர், வந்த கோப்பைத்தான் அடித்தேன் என்று சத்தியம் செய்தார். "அப்ப அவங்க வந்ததப் பாத்துட்டு இப்ப திருத்தி வச்சிருக்க," என்றார் முதலாளி.

அதாவது பிழை என்று ஆரம்பித்தது, ஒரு நிமிடத்தில் பித்தலாட்டம் ஆயிற்று. முத்துலட்சுமிக்கு முகம் செத்துப்போயிற்று. கணினியில் ஏதாவது கோளாறு இருக்குமோ, மெக்கானிக்கை வரச் சொல்லலாமே என்று நான்தான் சொன்னேன். என் மாற்றத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று அந்த நிமிடம் வரை எனக்குத் தோன்றவில்லை. இதை யாரும் நம்ப வேண்டாம். ஆனால் அதுதான் உண்மை.

மெக்கானிக் இரண்டரைக்கு வந்தார். போஸ்டரைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். கணினியை மல்லாக்க விரித்து ஒரு வட்டம் போட்டார். வளையலைக் கழற்றி மேலே வைத்தார். வட்டம் இரண்டு பக்கமும் பிதுங்கி நின்றது.

எனக்கு அந்த ஆசிரியரின் கணினி ஞாபகம் வந்தது. அடுத்த நொடி ஆகஸ்ட் 3 ஞாபகம் வந்தது.

"பேசாதிய," என்றார், யாரும் பேசாமலேயே. வளையலை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு, பெரியவர் முகத்தைத் திரையில் கொண்டுவந்தார். அமைப்புக்குப் போய், திரையின் சொந்த அளவைத் தேர்ந்து அழுத்தினார். திரை ஒரு கண்ணிமைப்பு அணைந்தது.

திரும்பி வந்தபோது பெரியவர் இளைத்துவிட்டார். மேஜையில் கிடந்த போஸ்டரில் எப்படி இருந்தாரோ அப்படியே. எங்கள் கண் முன்னால், ஒரு நொடியில், கன்னம் ஒட்டிப் போயிற்று. அச்சு இயந்திரத்துக்காரர் ஒரு அடி பின்னால் போனார்.

"பாத்தியளா மொதலாளி," என்றாள் முத்துலட்சுமி. "நான் பொய் சொல்லல."

"இந்தப் புள்ள மேல தப்பு இல்ல," என்றார் மெக்கானிக். "திரை அகலமாக் காட்டியிருக்கு, அவ ஒடுக்கியிருக்கா. கண்ணு நல்ல கண்ணு. திரைதான் தப்பாக் காட்டியிருக்கு. யாரோ மோட, அதான் திரையோட அளவ, மாத்தியிருக்காங்க."

"யாரோன்னா? இவதான் இந்த லேப்டாப்பத் தொடுதா. இவதான் மாத்தியிருப்பா."

"படம் வரையுத ஆளுக்கு எடம் நெறைய வேணும் மொதலாளி. அவ ஏன் கொறைக்கப் போறா? இது எழுத்து பெரிசாத் தெரியணும்னு நெனச்ச ஆளு செஞ்ச வேல." ஜாமெட்ரி பெட்டியை மூடினார். "கண்ணாடிய மாத்த வேண்டியவங்க மோட மாத்தியிருக்காங்க."

யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. அந்த அறையில் கண்ணாடி போட்டிருந்தது நான் ஒருவன்தான்.

முதலாளிக்கு அது ஏறவில்லை. லேப்டாப் நன்றாக இருக்கிறது என்று தெரிந்தது, அவருக்கு அது போதும். முத்துலட்சுமியிடம் விரலை நீட்டினார். "நாளைக்குப் பத்து மணிக்கு வந்து, நான்தான் மாத்துனேன்னு எல்லார் மின்னாலயும் ஒத்துக்க. ஒத்துக்கிட்டா வேலையில இரு. இல்லன்னா வராத."

"செய்யாதத எப்பிடி மொதலாளி ஒத்துக்கிடுதது?"

"அப்ப வராத."

அவள் திறக்காத தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போனாள். கதவுப் பக்கம் என்னைத் தாண்டும்போது, "வாரேன் அண்ணாச்சி," என்றாள். நான் தலையை ஆட்டினேன்.

மேஜையில் வளையல் கிடந்தது. எடுத்துக்கொண்டு வெளியே ஓடினேன். மெக்கானிக் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டிருந்தார்.

"வளையல மறந்துட்டிய."

அவர் வளையலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "வளையல மட்டுந்தான் கொண்டு வந்தியளா அண்ணாச்சி?"

வளையலை நீட்டினேன், அவர் வாங்கவில்லை.

"எங்க வீட்டுக்காரரு சவூதியில, தம்மாமுல இருந்தாரு," என்றார். ஸ்கூட்டரை அணைக்காமலே பேசினார். "தெனமும் வீடியோவுல பேசுவோம். ரெண்டு ஓரத்துலயும் கறுப்பாப் பட்ட வருதுன்னு, நான்தான் படத்த இழுத்து நெரப்பி வச்சேன். மூஞ்சி உருண்டையா, நல்லாத் தெளிஞ்சு இருக்கும். மாமி பாத்துட்டு, எம் மவன் நல்லா சாப்புடுதாம்பா. ஒரு வருஷம் அப்பிடியே பாத்தோம். திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுல எனக்கு ஆள அடையாளம் தெரியல. சுகரு தின்னுபோட்டு எலும்பா வந்து நிக்காரு. சொல்லலியே சொல்லலியேன்னு எல்லாரும் அவரத்தான் ஏசுனாங்க. அவரு சொல்லலதான். ஆனா நான் தெனமும் பாத்தேம்லா."

ஒரு பஸ் போகும்வரை நிறுத்தினார்.

"நான்தான் மாத்தி வச்சேன்னு மாமிட்டச் சொல்ல எனக்கு ஒரு வருஷம் ஆச்சு. அல்லா எனக்கு அவ்வளவு நாளு குடுத்தான், அவரு பொழச்சிக் கெடந்தாரு. ஒங்களுக்கு அவ்வளவு நாளு இல்ல. பத்து மணிதான். வளையல வச்சுக்கிடுங்க. ஒங்க மொதலாளிக்கு ஆரு ஒருத்தராச்சும் வட்டத்தக் காட்டணும்லா."

போய்விட்டார். நான் நடுத்தெருவில் ரப்பர் வளையலோடு நின்றேன். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. என் வயதென்ன, என் வேலையென்ன. நாங்கள் வேலை கொடுக்கிற ஒரு மெக்கானிக், என்னைத் தெருவில் நிறுத்தி, குற்றவாளி போலப் பேசுகிறார். மாலை ஆறரைக்கு வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் நாட்குறிப்பை எடுத்து எழுதினேன். அந்தக் கீழ்ப் பாதி அப்படி எழுதியதுதான். 'அடக்கமில்லை. மரியாதை தெரியாது. சம்பந்தமில்லாத விஷயத்தில் மூக்கை நுழைப்பது. அன்றைக்கு மண்டபத்திலும் இப்படித்தான்.' பன்னிரண்டு வரி. பன்னிரண்டு வரியிலும் அவர் சொன்னது தப்பு என்று ஒரு இடத்திலும் எழுதவில்லை. எழுதி முடித்துப் பிழை பார்க்கும்போதுதான் அது என் கண்ணில் பட்டது. எழுதியதைப் பிழை பார்க்காமல் மூடும் பழக்கம் எனக்கு இல்லை.

ஆறு பக்கம் பின்னால் புரட்டினேன். ஆகஸ்ட் 3. பகல் 1.20. நீல மை. 'வசதி.'

பேனாவை மூடி வைத்தேன். சாப்பிட்டதாகக் குறிப்பு இல்லை.

மறுநாள், ஆகஸ்ட் 10, வியாழக்கிழமை. காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்தேன். பால் வாங்கப் போகவில்லை. முதலில் முத்துலட்சுமிக்குப் போன் செய்தேன். இரண்டாவது மணியில் எடுத்தாள். பின்னால் மகனை எழுப்பும் சத்தம். அவளுடைய அம்மா போலிருக்கிறது.

"மாத்துனது நான்தாம்மா," என்றேன். "மூணாம் தேதி, ஒண்ணு இருவதுக்கு. என் டைரியில எழுதியிருக்கு. டைரியோட வாரேன். பத்து மணிக்கு எல்லார் மின்னாலயும் நான் சொல்லுதேன். நீ பஸ் ஏறு."

வைத்துவிட்டாளோ என்று பார்த்தேன். இல்லை.

"நேத்து மொதலாளி என்னயக் கேக்கும்போது," என்றாள், "நீங்க அங்கனதான நின்னிய அண்ணாச்சி?"

"ஆமா," என்றேன்.